அக்கா வேண்டிக்கொள்ளாத வேண்டுதல்

நெய் லட்டு வாசனை வந்தால் எனக்குக் குமட்டும். கல்யாண வீட்டில் இலையில் வைத்தால் நைசாகப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவேன். சர்க்கரை வியாதியா என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். எங்கள் வீட்டில் மூன்று தடவை வந்த லட்டு டப்பாக்களின் கதையைப் பந்தியில் உட்கார்ந்து சொல்ல முடியுமா?

மூன்று டப்பாவும் அக்கா வீட்டுக்காரர் வாங்கி வந்தவை. ஊர்ப் பழக்கப்படி நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன். ஆரணிப் பக்கம் அவருக்குக் கௌரவமான உத்தியோகம். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரல். அவர் அடிப்பார். அக்கா பஸ் ஏறி அடி அண்ணாமலைக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒரு வாரம் போனதும் டப்பாவோடு அவர் வருவார். அம்மா தட்டில் லட்டை எடுத்து வைப்பாள். அப்பா ஒன்றை உதிர்த்து வாயில் போட்டுக்கொண்டு, “மனுஷன் தங்கம்தான். கோவம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி” என்பார். அக்கா கிளம்பிப் போவாள். இரண்டு தடவை இப்படித்தான் நடந்தது.

மூன்றாம் தடவை அவள் வந்தபோது வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். மதிய வெயில். கையில் மாற்றுத்துணிகூட இல்லை. ஒரு செருப்பின் வார் அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. மூச்சை முழுசாக இழுக்க முடியாமல் பாதியில் நிறுத்தி நிறுத்தி விட்டாள்.

அம்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இது:

“எதிர் வீட்ல பாத்தாங்களா?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வேறு எதைப் பார்ப்பது?

ஆஸ்பத்திரிக்குப் போனோம். விலா எலும்பில் விரிசல் என்றார் டாக்டர். எப்படி ஆயிற்று என்று அவர் அக்காவைத்தான் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார்” என்றாள். டாக்டர் அக்காவின் கன்னத்தைப் பார்த்தார். கன்னமும் பாத்ரூமிலா என்று அவர் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் பெரிய வரிசை காத்திருந்தது.

அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அன்று ராத்திரி அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டதும் அவள்தான். அம்மாவுக்கு ஒரு வாசகம் உண்டு. எதற்கெடுத்தாலும் அதையே சொல்வாள். “வெளிய தெரியாத வரைக்கும் ஒண்ணும் நடக்கல.” அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அதே, என் பரீட்சை போனதற்கும் அதே. மகளுடைய விலா எலும்புக்கும் அதையே சொல்வாள் என்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு வாரம் தாண்டியும் அக்கா கிளம்பவில்லை. எதிர் வீட்டு அத்தைக்குக் கண் அரிக்க ஆரம்பித்துவிட்டது. வாசல் தெளிக்கிற சாக்கில் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

“இன்னா, பெரிய பொண்ணு இந்தத் தடவை ஜாஸ்தி நாள் தங்கிட்டா போல?”

அம்மா யோசிக்கவே இல்லை. கோலப்பொடிக் கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சொன்னாள். “வேண்டுதல்க்கா. வீட்டுக்காரர் நல்லா இருக்கணும்னு ரெண்டு பௌர்ணமி கிரிவலம் சுத்தறதா வேண்டிக்கிட்டா. முடியற வரைக்கும் பொறந்த வீட்லதான் இருக்கணுமாம்.”

அப்படி ஒரு விதி எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் மலையைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி கிடையாது. வேலைக்குப் போகாதவன், மாமியாரோடு பேசாதவள், ஊரை விட்டு ஓடிவந்தவன், எல்லோருக்கும் மலை இடம் கொடுத்திருக்கிறது. அம்மாவும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒரு சிக்கல்தான். பௌர்ணமிக்கு ஒன்பதோ பத்தோ நாள்தான் பாக்கி. சொன்ன பொய்க்கு அக்கா நடந்தாக வேண்டும்.

நடந்தாள். விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு, வெறும் காலில், மலையை முழுசாகச் சுற்றினாள். கூட நானும் போனேன். வழியில் உள்ள ஒவ்வொரு லிங்கத்திடமும் நிற்கிற சாக்கில் மூச்சு வாங்கிக்கொண்டாள். எமலிங்கத்தில் விபூதி பூசிக்கொண்டு, “நான் வேண்டிக்காத வேண்டுதலுக்கு நான் நடக்கறேன் பாரு” என்று சிரித்தாள். சிரித்ததும் விலா வலித்து முகம் கோணியது.

அன்றிலிருந்து தெருவில் அவள் மரியாதையே வேறு. எதிர் வீட்டு அத்தை தன் மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். “பாத்துக்கோடி. புருஷனுக்காக வெறுங்கால்ல சுத்துறா. நீ ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுக்க மூஞ்ச தூக்கற.” மருமகள் அக்காவை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அந்தத் தெருவிலேயே நியாயமான முகம் அது ஒன்றுதான்.

இன்னும் இருக்கிறது. அத்தையின் பெண்ணுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. அவளை அழைத்துக்கொண்டு வந்து, “உன் கையால இவளுக்குக் குங்குமம் வச்சு விடும்மா. உன்ன மாதிரி இருக்கட்டும்” என்றாள். அந்தப் பெண் குனிந்து நெற்றியைக் காட்டினாள். அம்மா குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா வைத்துவிட்டாள். அவர்கள் போனதும் பின்பக்கம் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். குங்குமம் எப்போதோ போய்விட்டிருந்தது. எங்கள் வீட்டுச் சோறே அன்றைக்கு எனக்கு இறங்கவில்லை.

நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். மனு எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. பத்தாவதோடு படிப்பு நின்றது. மிச்சத்தையெல்லாம் கிளை நூலகத்தில் படித்தேன். அப்படியே கதை எழுதவும் ஆரம்பித்து, ஒன்றிரண்டு பத்திரிகையில் வந்தும் இருக்கின்றன. மனு கொடுக்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு அலாதிப் பிரியம். அண்ணன் தம்பி வரப்புச் சண்டையைச் சொல்ல வந்த ஒரு பெரியவர், “எல்லாத்தையும் எழுதிடாதம்மா, கொஞ்சம் வீட்டுக்கு மிச்சம் வையி” என்றார். எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று அப்போது பூரித்துப்போனேன். அக்கா வந்த பிறகு அதே வாக்கியம் வாடை அடிக்க ஆரம்பித்தது. வீட்டுக்கென்று நாங்கள் மிச்சம் வைத்தது எல்லாம் ஊசிப்போயிருந்தது.

அந்த நாட்களில் அக்காவுக்கு நூலகத்திலிருந்து நாவல்கள் கொண்டுவந்து கொடுத்தேன். குடிகாரத் தகப்பன், வீட்டை விட்டுப்போன அண்ணன், பேச்சு நின்றுபோன புருஷன் பெண்டாட்டி என்று குடும்பத் துயரங்களாகவே பொறுக்கினேன். வலி இல்லாத பக்கமாகப் படுத்து, புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்துப் படிப்பாள். ஒரு மத்தியானம் கேட்டாள்.

“ஏண்டி, இந்தக் கதையில எல்லாம் கடைசியில எல்லாரும் உக்காந்து பேசறாங்களே. நம்ம வீட்ல யாராவது உக்காந்து பாத்திருக்கியா?”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். பேச்சு வந்தால் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாமந்தித் தோட்டத்துக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு அடுப்பில் எப்போதும் ஏதாவது ஒன்று அடிப்பிடிக்கிற நேரமாக இருக்கும்.

“நீ எழுதின கதையில அந்த ஆளு பொண்டாட்டி கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டான் இல்ல?” என்றாள் மறுபடி. “அந்த மாதிரி ஆம்பளைய எங்க பாத்த நீ? ஆரணியிலயா?”

சிரித்துவிட்டேன். அவளும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அந்தக் கதைக்கு வந்த பாராட்டுகள் அத்தனையும் அந்த முடிவுக்குத்தான் வந்தன. நல்ல முடிவு, நல்ல முடிவு என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த வார்த்தையும் லட்டு மாதிரியே இனித்துக் குமட்டியது.

அடுத்த பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமா போன் செய்தார். எதிர் வீட்டு அத்தையின் தங்கை ஆரணியில் இருக்கிறாள். அவள் வழியாகச் சேதி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

“மாமா, எனக்காகவா சுத்துறா? இவ்ளோ அடிச்சும் எனக்காகவா?” என்று அந்தப் பக்கம் அழுகை கேட்டது. “அடிச்சும்” என்று அவர் வாயால் வந்ததை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியா, கரைஞ்சிட்டாரு” என்றார் அம்மாவிடம்.

இந்தப் பௌர்ணமிக்குத் தானும் வருவதாகவும், இருவரும் சேர்ந்து சுற்றி வேண்டுதலை முடித்துவிட்டு அப்படியே அவளைக் காரில் கூட்டிப்போய்விடுவதாகவும் சொன்னார். போன் வைக்கப்பட்டது.

அக்கா மெதுவாகக் கேட்டாள். “நான் அவருக்காகச் சுத்துறேன்னு எப்பம்மா சொன்னேன்?”

“நான்தான்டி சொன்னேன். இல்லைன்னா சொல்றேன்?” அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே பேசினாள். “சொல்லியாச்சு. ஊரும் நம்பிடுச்சு, அவரும் நம்பிட்டாரு. இப்ப நீ அத நெசமாக்கிட்டா முடிஞ்சு போச்சு.”

“இந்தத் தடவை போனா நான் திரும்பி வர மாட்டேன்ம்மா. என்னைத் தூக்கிட்டு வரணும்.”

“அபசகுனமாப் பேசாத. பௌர்ணமி வருது.”

அம்மா என் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். “நீ இத எல்லாம் எழுதித் தொலைச்சிடாத. அவரு கைய விட உன் பேனாதான் எனக்குப் பயம்.”

பௌர்ணமியன்று மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் கார் வந்து நின்றது. புது வேட்டி, பட்டை பட்டையாக விபூதி, கையில் பெரிய டப்பா. அம்மா ஏற்கெனவே அக்காவின் துணிமணிகளைப் பையில் அடுக்கி வைத்திருந்தாள். அப்பா அதை எடுத்துப்போய்க் கார் டிக்கியில் வைத்தார். மாமா டிக்கியைப் பூட்டிச் சாவியை ஜோபியில் போட்டுக்கொண்டார். நடந்து முடித்ததும் கிளம்பவேண்டியதுதான் பாக்கி.

எதிர் வீட்டு அத்தை வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஜோடியாப் போறாங்க பாரு, சிவனும் பார்வதியும் மாதிரி.”

ஐந்து பேரும் கிளம்பினோம். ரோடு நிறையத் தலைகள். எங்கள் வீட்டிலிருந்து வாயுலிங்கம் தாண்டி, குபேரலிங்கம் தாண்டி, ஜனத்தோடு ஜனமாக நகர்ந்தோம். மாமா தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், “வீட்ல வேண்டுதல்” என்று அக்காவைக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. உதைத்தவனுக்கே பக்தியில் பங்கு கிடைத்தால் முகம் அப்படித்தான் மின்னும் போல.

இடுக்குப் பிள்ளையார் கோயிலில் வரிசை நின்றது. பார்த்திருப்பீர்கள். ஆள் ஒருக்களித்துப் படுத்து, உடம்பைக் குறுக்கி, உரசிக்கொண்டு ஊர்ந்து மறுபக்கம் வரவேண்டிய சின்னச் சந்து. குழந்தை வரம் கேட்டு வருகிறவர்கள் ஜாஸ்தி. போன தடவை அக்கா வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு நகர்ந்திருந்தாள்.

“நீ மொதல்ல போ” என்றார் மாமா.

“என்னால முடியாதுங்க.”

“குழந்தை வேணாமா? போ.” அவர் அவள் முழங்கையைப் பிடித்தார். பார்க்கிறவர்களுக்கு ஆதரவாகப் பிடித்த மாதிரிதான் இருக்கும். நான் பக்கத்தில் நின்றேன். கட்டைவிரல் சதைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று பார்த்தேன். அவர் உதட்டில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, துளி அசையவில்லை. அக்காவை நான் அவரிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று கை எழுந்தது. அதற்குள் பின்னால் நின்ற ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். குட்டையான, பருத்த உடம்பு. கையில் மஞ்சள் பை.

“இன்னாம்மா, முழுகாம இருக்கியா? அப்படின்னா உள்ள போவாத தாயி.”

“அதெல்லாம் இல்லக்கா” என்றாள் அக்கா. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் சொல்கிற குரல். “விலா எலும்பு விட்டிருக்கு. இவரு உதைச்சாரு. அந்தப் பக்கம் படுக்க முடியாது.”

அம்மா மறுபடி முந்திக்கொண்டாள். “இல்லைங்க, பாத்ரூம்ல வழுக்கி…”

“போதும்மா. அந்த பாத்ரூம் பாவம், இன்னா பண்ணுச்சு?” என்றாள் அக்கா.

மஞ்சள் பை அம்மாள் மாமாவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். “எந்த ஊருப்பா நீ? விபூதி மட்டும் நல்லா பூசத் தெரியுது.”

“இது எங்க குடும்ப விஷயம்ங்க” என்றார் மாமா, அதே கேட்காத குரலில்.

“அப்ப குடும்பத்துக்குள்ள உதைக்கலாம், வெளிய சொல்லக் கூடாதா?”

அவளுக்கும் பின்னால் ஒருத்தர் கத்தினார். “உங்க பஞ்சாயத்த அப்புறம் வச்சிக்கோங்க, லைன் நகரட்டும்.”

வரிசையை விட்டு வெளியே வந்தோம். மாமா முழங்கையை விட்டுவிட்டிருந்தார். அம்மா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா ஏதாவது சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நாளுக்கு மேலாகத் தோட்டத்துக்கு ஓடிய மனுஷன், இத்தனை ஜனத்துக்கு நடுவில் ஓட இடமில்லாமல் நிற்கிறார், இப்போதாவது பேசுவார் என்று நம்பினேன்.

“சரி சரி, ஆனது ஆச்சு. நடங்க. கிரிவலத்த பாதியில விடக்கூடாது” என்றார்.

எனக்கு நிஜமாகவே வாந்தி வந்தது. தொண்டைவரை வந்து புளித்து இறங்கியது. மகள் நடுரோட்டில் எலும்பு உடைந்த கதையைச் சொல்லியிருக்கிறாள். அவருக்குப் பாதியில் நின்றது கிரிவலம்தான்.

“ஆமா, முடிச்சிடலாம். தெய்வக் குத்தம் ஆயிடும்” என்றாள் அம்மா. மாமாவும் தலையாட்டினார்.

“நான் எதையும் வேண்டிக்கலப்பா” என்றாள் அக்கா. “எத முடிக்கறது?”

திரும்பினாள். வந்த வழியிலேயே நடக்க ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பௌர்ணமியில் ஊரே வலமாக வரும்போது இடமாக நடந்து பார்த்தால்தான் தெரியும். ஆயிரம் முகம் எதிரே வருகிறது. ஒவ்வொரு முகமும் கோபப்படுகிறது. “அம்மா, அப்பிரதட்சிணம்மா, திரும்புங்க” என்றார் ஒருவர். “பாவம் சேரும்” என்றாள் இன்னொருத்தி. காவி கட்டிய ஒருவர் கோலைத் தரையில் தட்டி, “குலம் நாசமாப் போகும்” என்றார். “அது போயி நாளாச்சு சாமி” என்றாள் அக்கா, நிற்காமல். ஒரு போலீஸ்காரர் விசில் ஊதினார்.

“எதிர்ல எங்கம்மா போறீங்க?”

“வீட்டுக்குண்ணா. வீடு இந்தப் பக்கம்தான் இருக்குது.”

அவர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு கையை நீட்டிக் கூட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டார். “ஓரமாப் போங்க.”

ஓரமாகப் போனோம். அக்கா விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு நடந்தாள். வழியில் ஒரு வார்த்தைதான் பேசினாள். “மூச்சு விட முடியுதுடி.”

வீட்டுக்கு வந்தபோது வாசலில் கார் நின்றது. அக்கா டிக்கியைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய உடுப்பெல்லாம் அதற்குள் பூட்டிக் கிடந்தது. கூடத்தில் மேசை மேல் டப்பா. மூடி சரியாக மூடாமல் எறும்பு வரிசை ஏறியிருந்தது. அவையும் வலமாகத்தான் சுற்றின.

ராத்திரி எட்டு மணி வாக்கில் மூன்று பேரும் வந்தார்கள். மலையை முழுசாகச் சுற்றி முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். என்ன பேசிக்கொண்டு சுற்றினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றுமே பேசியிருக்க மாட்டார்கள். மாமா உள்ளே வரவில்லை. அக்கா வாசலுக்குப் போய் நிலைப்படியில் நின்றாள்.

“பைய எடுத்துக் குடுங்க.”

“கடைசியாக் கேக்கறேன், ஏறு.”

“பை.”

எதிர் வீட்டு அத்தை ஜன்னலில் இருந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். டிக்கியைத் திறந்து பையை மண்ணில் வைத்தார். கார் கூட்டத்துக்குள் ஹாரன் அடித்து அடித்து நகர்ந்து போயிற்று. அத்தையின் மருமகள்தான் இறங்கி வந்து, பையைத் தூக்கி, மண்ணைத் தட்டி அக்காவிடம் கொடுத்தாள்.

உள்ளே அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கை தானாக டப்பாவுக்குப் போயிற்று. ஒரு லட்டை எடுத்து, எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, உதிர்த்து வாயில் போட்டார். விரலிலிருந்த நெய்யைத் துண்டில் துடைத்தார்.

“என்ன இருந்தாலும் மனுஷன் கிரிவலத்த முழுசா முடிச்சிட்டாரு” என்றார்.

அக்கா அவர் கைக்கு அடியிலிருந்து டப்பாவை உருவினாள். பின்பக்கம் போய் மாட்டுச் சாணிக் குழியில் கவிழ்த்தாள். “சாமி நாளும் அதுவுமா திங்கற பொருளக் கொட்றாளே” என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

அக்கா இப்போது இங்கேதான் இருக்கிறாள். விலா கூடிவிட்டது. வேங்கிக்காலில் ஒரு துணிக்கடையில் வேலை. காலையில் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். அப்பாவும் அம்மாவும் இன்னும் உட்கார்ந்து பேசவில்லை. அவள் சேதியைக் கேட்கிறவர்களிடம் அம்மா இப்போது, “இன்னொரு வேண்டுதல்” என்கிறாள்.

இதைக் கதையாக எழுதத்தான் ஆரம்பித்தேன். முதல் பக்கத்தை அக்காவிடம் காட்டினேன். பேர் மாற்றி, ஊர் மாற்றி, மலைக்குப் பதில் ஒரு நதியெல்லாம் வைத்திருந்தேன்.

“கதையா எழுதினா யாரோன்னு நெனச்சிக்குவாங்க” என்றாள், காலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே. “நம்ம வீடுன்னு எழுது. பஸ் வருது, வா.”